இறப்பைச் சுற்றிப்போன புகைபோக்கி

வீடு கட்டும்போது கொத்தனாரிடம் நான் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம் பிடித்தேன். முன்பக்கக் கூரை, சுவரைத் தாண்டி நாலரை அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். எதற்கு சார் அவ்வளவு என்று கேட்டார். மழைச்சாரல், சுவரின் ஆயுள், அறையின் வெப்பச் சமநிலை என்று மூன்று காரணங்கள் சொன்னேன். நான்காவதைச் சொல்லவில்லை. என் சகலை வீட்டில் அது மூன்றடி.

தெருவில் போகிறவர்கள் நின்று நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒருவர் நின்றார். அவரும் மழைக்கு ஒதுங்கியவர். அந்த நாலரை அடி நிழலில் முன்னறைக்கு வெயில் வருவது அடியோடு நின்று போனதுதான் கண்ட பலன். வீட்டிலேயே அதிகம் குளிர்கிற அறை அதுவாயிற்று. அங்கே உட்கார வைத்தால் விருந்தாளிகள் கால்மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். குளிர்தான் காரணம் என்பேன் நான். என் மனைவிக்கு வேறு கருத்து உண்டு.

இந்தக் குளிர்காலத்தில் அந்த அறைக்கு அத்தை வருவதாக இருந்தது. அத்தை என்றால் என் மாமியார். நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்து தேறியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். கதகதப்பான அறை வேண்டும், ஈரம் ஆகாது, தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடந்த மூன்று குளிர்காலங்களையும் அத்தை சின்ன மகள் வீட்டில், அதாவது சகலை வீட்டில், கழித்தவர். அங்கே தரைக்கு அடியிலேயே சூடு ஓடுகிறது. இந்த முறை அவரே கேட்டு, பெரியவள் வீட்டுக்கு வருகிறேன் என்றிருந்தார். "அங்க தரை சுடுது, சரி. பகலெல்லாம் பேச ஒரு ஆள் இல்ல" என்றாராம்.

என் மனைவி அதை என்னிடம் சொன்னபோது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில அந்த ரூம் சூடா இருக்கணுங்க. இல்லேன்னா ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா அங்க கூட்டிட்டுப் போயிடுவாங்க. இந்த வருஷமும் நான் போன்ல 'மாத்திரை போட்டியாம்மா'ன்னு கேட்டுட்டு உக்காந்திருக்கணும்."

"கவலையை விடு" என்றேன். இதைச் சொன்ன பிறகு அவள் கவலைப்படாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மின்சார ஹீட்டர் போட்டால் எங்கள் வீட்டில் ஃபியூஸ் போய்விடும். அதனால் விறகு போட்டு எரிக்கிற இரும்பு அடுப்பு ஒன்று வாங்கினேன். கடைக்காரர் ஸ்டவ் என்றார். நான் கணப்படுப்பு என்று திருத்தினேன். நான் எங்கள் அலுவலகத்தின் கலைச்சொல் குழுவில் இருக்கிறேன். குழுவில் மூன்று பேர். ஒருவர் வருவதில்லை, இன்னொருவர் தூங்குவார். ஆகவே தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறும். லிஃப்ட் கதவில் 'ஏற்றிறக்கி' என்று எழுதவைத்தது நான்தான். எழுதிய பிறகு ஆட்கள் அதை ஏதோ சரக்குச் சமாசாரம் என்று நினைத்துப் படியேறிப் போனார்கள். ஊழியர் உடல்நலம் மேம்பட்டது என்று அந்த வருடத்து அறிக்கையில் சேர்த்துக்கொண்டோம்.

அடுப்பு வந்துவிட்டது. புகை வெளியே போக வழி வேண்டுமே. செவ்வாய்க்கிழமை குழாய்க்காரர் வந்தார். தகரத்தில் குழாய் அடித்துப் பொருத்துவதில் கைதேர்ந்தவர் என்று எதிர்வீட்டுப் பல் டாக்டர் அனுப்பிவைத்த ஆள். அறைக்குள் பார்த்தார், வெளியே வந்து சுவரைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து என் நாலரை அடியைப் பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"சுவத்துல ஓட்டை போட்டு பைப்பை வெளிய எடுத்துடலாம் சார். அப்புறம் நேரா மேல, கூரை உச்சியைத் தாண்டிப் போகணும். குறுக்க இது நிக்குது. இதை வெட்டணும்."

"இதற்கு ஒரு பெயர் உண்டு" என்றேன்.

"என்ன சார்?"

"இறப்பு."

அவர் இரண்டடி பின்வாங்கினார். "எதுக்கு சார் வெள்ளிக்கிழமையும் அதுவுமா..."

"இன்னைக்குச் செவ்வாய்."

"எந்தக் கிழமையா இருந்தா என்ன சார், வீட்டு வாசல்ல நின்னு சொல்ற வார்த்தையா?"

கூரையின் சரிவு சுவரைத் தாண்டி இறங்குகிற பகுதிக்கு இறப்பு என்பது பழைய, அருமையான சொல் என்றும், அகராதியில் பார்க்கலாம் என்றும், சாவைக் குறிக்கிற சொல்லும் இதுவும் எழுத்தில் ஒன்று, பொருளில் வேறு என்றும் விளக்கினேன். ஏணியில் ஒரு கால் வைத்தபடி முழுவதையும் கேட்டார். கடைசியில், "இருக்கட்டும் சார். அதைத்தான் வெட்டணும்" என்றார்.

சகலையின் மூன்றடி என் கண்முன் வந்து நின்றது. வெட்டுவதாவது! "சுற்றிப் போகலாம்" என்றேன்.

"புகைக்கு நேராத்தான் சார் போகத் தெரியும். ஒவ்வொரு எல்போவுலயும் அது தயங்கும்."

"முழங்கைக் குழாய்."

"அதுலயும் தயங்கும்."

அன்று மாலையே வரைபடம் போட்டேன். அடுப்பிலிருந்து மேலே, அங்கிருந்து சுவருக்குள், சுவரிலிருந்து வெளியே வந்து மேலே, இறப்பைத் தொடுமுன் சரிந்து நாலரை அடி வெளியே, விளிம்பைத் தாண்டியதும் மறுபடி மேலே. அந்தரத்தில் நிற்கிற குழாய் பார்ப்பதற்கு அவலட்சணமாக இருக்குமே என்று கூரைப் பக்கம் ஒரு வளைவு, நிமிர்த்த இன்னொரு வளைவு. மொத்தம் ஆறு. மூன்று நிற மையில் வரைந்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன். குழாய்க்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பைப் இல்ல சார், குடல்" என்றார்.

ஆனாலும் தொழில்காரர், சொன்னதைச் செய்தார். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வேலை முடிந்தது. தெருமுனையிலிருந்து பார்த்தால் என் வீட்டு நெற்றியை யாரோ வெள்ளித்தகட்டால் சுற்றிக் கட்டுப்போட்டது போலிருந்தது. எனக்கு அப்போது அது கம்பீரமாகத் தெரிந்தது. "பத்த வைக்கறப்போ ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுக் குழாய்க்காரர் கொஞ்சம் வேகமாகவே போனார்.

ஐந்தரைக்குப் பற்றவைத்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு மேஜை மேஜையாக எப்படிப் போகுமோ அப்படித்தான் என் புகையும் போயிற்று. முதல் வளைவில் நின்றது. இரண்டாவதில் யோசித்தது. மூன்றாவதில் ஏதோ குறிப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும், வந்த வழியே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட்டது. பத்து நிமிடத்தில் முன்னறையில் என் கையே எனக்குத் தெரியவில்லை. நானும் மனைவியும் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தோம்.

"அம்மாவுக்கு நெஞ்சுல சளிங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. சமையலறைக்குப் போய்விட்டாள்.

அப்போதாவது குழாய்க்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். நான் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஞாயிறு முடியாது, செவ்வாய் வரை பொறுங்கள், அதற்குள் ஏழாவது வளைவு ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்துவிடுகிறேன் என்பதுதான் சொல்ல வந்தது. போனில் குடும்பக் குழுவில் போட வேண்டும். ஆனால் நான் எழுதுவது குறிப்பாணை. 'வீட்டுக் கூரை இறப்பின் குறுக்கீட்டால்' என்று முதலில் எழுதினேன். இறப்பு என்றாலே கூரையுடையதுதான், வீட்டுக்குத்தான் கூரை. இது கூறியது கூறல் என்னும் குற்றமல்லவா? இரண்டு சொற்களையும் அடித்தேன். குறுக்கீடு என்பதும் மிகையாகப் பட்டது. செதுக்கிச் செதுக்கி எஞ்சியது இதுதான்:

'எதிர்பாராத இறப்பின் காரணமாக ஞாயிறு ஏற்பாடுகள் மாற்றப்படுகின்றன. மற்றவை நேரில்.'

ஒரு சொல் கூட அதிகமில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. தெருக் குழுவுக்கும் சேர்த்து அனுப்பினேன், நல்ல தமிழ் நாலு பேர் கண்ணில் படட்டுமே என்று. பிறகு போனைப் படுக்கையறையில் சத்தமில்லாமல் சார்ஜில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். என் மனைவி என் செய்திகளைப் படிப்பதில்லை. முப்பது வருஷமாக நேரில் கேட்பதே போதும் என்பாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பல் டாக்டரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். எப்போதும் முப்பத்திரண்டையும் காட்டுகிற மனிதர், அன்று உதட்டைப் பிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். தெரு முழுக்கப் புகை போயிருக்கும், விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"எப்ப சார் ஆச்சு?"

"நேத்து சாயங்காலம், அஞ்சரைக்கு."

"எல்லாம் நல்லபடியா போயிட்டிருக்குன்னுதானே சொன்னீங்க?"

"நானும் அப்படித்தான் டாக்டர் நம்பினேன். மேல போக வேண்டியது போகல. நடுவுல அடைச்சுக்கிச்சு."

"மூச்சா?"

"மூச்சேதான். எங்களுக்கே முட்டிடுச்சு."

"ரொம்ப நேரம் கஷ்டமோ?"

"பத்து நிமிஷம். அதுக்கு மேல தாங்கல. அப்படியே விட்டுட்டு நாங்க வெளிய ஓடி வந்துட்டோம்."

"விட்டுட்டா?" என்றார் டாக்டர்.

"வேற என்ன பண்றது, கண்ணெல்லாம் எரியுதே."

டாக்டரின் மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் கஷ்டப்பட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்: "எப்ப எடுக்கறீங்க?"

"எடுக்கறதா வெட்டறதான்னு இன்னும் முடிவு பண்ணல" என்றேன்.

டாக்டர் என் கையை விட்டார்.

அந்த நேரத்தில்தான் சமையலறையில் என் மனைவியின் போன் அடித்தது. அவள் தங்கை. அழுகை வாசல் வரை கேட்டது. "அக்கா, அம்மா போயிட்டாங்களாக்கா? எங்ககிட்ட ஏன்க்கா முதல்லயே சொல்லல? கிளம்பி வந்துட்டே இருக்கோம்..."

நான் உள்ளே போவதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தது என் எண். எது நடந்தாலும் முதலில் எனக்குத்தான் சொல்வார்கள். அது அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ராத்திரியே தெரியுமாங்க உங்களுக்கு?" என்று கேட்டாள். "என்கிட்ட மறைச்சீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்குக் கோபத்துக்குப் பதில் சொல்லிப் பழக்கம் உண்டு. இது கோபமில்லை. அப்போதுதான் என் மண்டையில் அந்தச் செய்தி, ஒரு சொல்லும் மிகையில்லாமல், முதல்முறையாக ஊரார் படிக்கிற மாதிரி ஓடியது.

"இல்லம்மா, இல்ல! அத்தை நல்லா இருக்காங்க! அது கூரை! கூரை!" என்று கத்தினேன். புத்தி பேதலித்துவிட்டது என்று டாக்டர் என் தோளை அணைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். வார்டில் இருந்த நர்ஸ் எடுத்து, அத்தையிடம் கொடுத்தார்.

"என்னடி காலங்காத்தால? வாயில பேஸ்ட்டு இருக்கு."

என் மனைவி அழுதாள்.

"எதுக்குடி அழற? யாரு செத்தது?"

"யாரும் இல்லம்மா."

"அதுக்கா அழற? நாளைக்கு எத்தனை மணிக்கு வரீங்க? அதைச் சொல்லு முதல்ல."

போனை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். என்ன எழுதினீர்கள், படியுங்கள் என்றாள். படித்தேன். குரல் எடுப்பாக வரவில்லை.

"அது ஒரு பழைய சொல்லும்மா. அகராதியில..."

"வெட்டுங்க."

"அந்தச் சொல்லையா?"

"கூரையை."

நானே குழாய்க்காரருக்குப் போன் செய்தேன். "வெட்டிடலாம் வாங்க" என்றேன். "ஏணியோட வரேன் சார்" என்று அவர் அதோடு விட்டது பெருந்தன்மை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் வருவதற்குள் வாசலில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். தெருக் குழுவின் வீச்சு எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொருவராகக் கையைப் பிடிக்க, ஒவ்வொருவரிடமும் அண்ணாந்து கையைக் காட்டி, "அதுதான் இறப்பு" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர்களும் மரியாதைக்கு அண்ணாந்து பார்த்தார்கள். என் நாலரை அடியை இத்தனை பேர் நின்று நிமிர்ந்து பார்த்தது அதுவே முதல்முறை.

குழாய்க்காரர் ஏணியோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "என்ன சார், யாராவது...?"

"இறப்பு" என்றார் டாக்டர், இப்போது பல் தெரிய.

"அன்னைக்கே சொன்னேன்ல, வாசல்ல நின்னு அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கன்னு!"

அடுத்து ஒரு கார் வந்து நின்றது. கறுப்புச் சட்டையும், தலைக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்த மலர்வளையமுமாக என் சகலை இறங்கினார். பின்னால் மைத்துனி. வழியிலேயே அக்கா போனில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்; வளையத்தை வாங்கிய பிறகு சொல்லியிருக்கிறாள். சகலை அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, இதைக் கடையில திரும்ப வாங்க மாட்டாங்களாம்" என்றார்.

"எனக்கே போட்டுடுங்க சகலை" என்றேன்.

"இங்க குடுங்க சார்" என்றார் குழாய்க்காரர். வளையத்தை வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். இறப்பின் அடிப்பலகையில் அதை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்வட்டத்தை ஒட்டிச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். "பைப்புக்குச் சுத்திலும் இடம் விட்டு, அளவெடுத்த மாதிரி இருக்கு" என்று வளையத்தைக் கீழே கொடுத்தார்.

எனக்கு ஒன்று புரியவில்லை. "இதென்ன, ஓட்டை மட்டுமா? வெட்டணும்னீங்க?"

"ஓட்டையைத்தான் சார் வெட்டணும்னேன். முழுசையும் எவனாவது வெட்டுவானா? மழை வந்தா சுவரு என்னாகும்? நீங்க எங்க கேக்க விட்டீங்க? வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிட்டே இருந்தீங்க."

மூன்று நிற மை, ஆறு வளைவு, பத்துப் பேர் துக்கம், என் மனைவி தரையில் உட்கார்ந்தது எல்லாம் ஒரு வட்ட ஓட்டைக்காக. முகத்தில் அசடு வழிய நின்றேன். துடைத்துக்கொள்ள நேரமில்லை; ஏணியைப் பிடி என்று மேலிருந்து சத்தம் வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு வேலை செய்தார்கள். டாக்டர் குழாயை நிமிர்த்திப் பிடித்தார். சகலை கறுப்புச் சட்டையோடு கூரை மேல் ஏறி, ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் இறங்காமலிருக்கத் தகரக் காலரைப் பிடித்துக்கொடுத்தார். மேலே உட்கார்ந்து, "அண்ணே, இது எங்க வீட்டை விடப் பெருசுண்ணே" என்று கூப்பிட்டுச் சொன்னார். எத்தனை வருஷமாகக் காத்திருந்த வாக்கியம்! அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்திருந்தேன். மூக்கு வேறு அரித்தது.

வீட்டுக்கு உள்ளே ஒரு வளைவு, சுவருக்கு வெளியே ஒரு வளைவு. இரண்டே. மிச்சம் நான்கு முழங்கைக் குழாய்களும் கொல்லையில் கிடக்கின்றன. மாலை நான்கு மணிக்குப் பற்றவைத்தோம். புகை யாரையும் கலந்தாலோசிக்காமல் நேராக மேலே போயிற்று.

ஞாயிறு காலை பத்தரைக்கு அத்தை வந்தார். மகள்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பிடித்து அழைத்துவந்து, முன்னறையில் அடுப்புக்கு அருகில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அத்தை காலை நீட்டிக்கொண்டு, சால்வையை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். அந்த அறையில் ஒருவர் சால்வையை அவிழ்த்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"மாப்ள" என்றார்.

"சொல்லுங்க அத்தை."

"என்னைச் சாகடிச்சுட்டீங்களாமே?"

"அது வந்து... ஒரு பழைய சொல்..."

"பரவால்ல. வளையம் எங்க? எனக்குத்தானே வாங்கினாரு சின்ன மாப்ள? கொண்டாங்க, பூவைப் பாக்கறேன்."

சகலை போய் எடுத்துவந்தார். மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூவாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் செத்தா இதைவிடப் பெருசா வாங்கணும்" என்றார். பிறகு அடுப்பின் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "அது என்ன மாப்ள, வட்டமா ஒரு பலகை எரியுது?"

சொல்லலாமா என்று மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள்.

"கூரையில வெட்டின துண்டு அத்தை" என்றேன். இரண்டு சொல் கூடுதல்தான். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் என் மனைவி இரண்டு குழுவிலும் ஒரு செய்தி போட்டாள். 'அம்மா வந்தாச்சு. உயிரோட. ரூம் சூடா இருக்கு, பாக்க வரவங்க வரலாம்.' அனுப்புவதற்கு முன் என்னிடம் நீட்டினாள். 'ரூம்' என்ற இடத்தில் என் விரல் தானாக ஒரு முறை எழும்பியது. அவள் விரலைப் பார்த்தாள். நான் குனிந்து, அடுப்புக்கு ஒரு விறகு எடுத்துப் போட்டேன்.